ஒரே பிளொப்பியில் ஒரு தோட்டம்

“இனி நீங்கள் வரவேண்டாம்” என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்றுவரை வராது. மீன்காரரிடம் சொல்ல முடியாமல், வீட்டில் யாரும் தொடாத மீனை வாரம் தவறாமல் வாங்கிச் சமைத்திருக்கிறேன். டியூஷன் மாஸ்டரிடம் சொல்ல முடியாமல், பரீட்சை முடிந்த பிறகும் மகளை இரண்டு மாதம் அனுப்பியிருக்கிறேன். (மகள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.) ஆனால் அந்த மூன்று சொற்களை விழுங்கியதற்காக ஒரு தோட்டத்துப் பாவத்தையே தலையில் கட்டிக்கொண்டது ஒரு தடவைதான். அன்றைக்குக் கல்லுக்குண்டு மாதிரி இருந்த என் முதலாளிக்கு நான் நெஞ்சுவலி வரவழைத்தேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பதுளை பஜாரில் ஒரு சின்ன பிரஸ்ஸில் நான் கம்ப்யூட்டர் ஓபரேட்டர். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்கள் பிழைப்பு. முதலாளி பெயர் மாணிக்கம். பிரஸ்ஸில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட உறை, பக்கத்தில் சாமி படம், காலையில் ஊதுபத்தி. தேயிலைத் தோட்டத்திலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் எனக்கு, அதன் முன்னால் உட்கார்ந்தவுடன் தலையில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். எங்கள் லயத்திலிருந்து, அந்த வரிசைக் குடியிருப்பிலிருந்து, கொழுந்துக்கூடை தூக்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். அந்தத் திமிர் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நோய்நொடி வந்தால் பார்த்தவர் நடேசு அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் அரசாங்க உத்தியோகம். ஆபீஸ் விட்டதும் குடையோடு நடந்து வருவார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து யோசித்து, மறுபடி குனிவார். மாதம் ஒருமுறை பை நிறைய பிளொப்பி கொண்டுவந்து, நான் டைப் செய்ததையெல்லாம் பிரதி எடுத்து, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைப்பார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். நான் பின்னால் நின்று கொட்டாவி விடுவேன். என் வசதிக்காகத் திரையின் முகப்பிலேயே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னப் படம் வைத்துத் தந்திருந்தார். “தங்கச்சி, நீர் உள்ளுக்க ஒண்டும் தேடத் தேவையில்லை. இதில அமத்தினால் காணும்” என்றார். நானும் அமத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நான்கு வருடத்தில் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் எங்களுக்கு வந்த பெரிய வேலை நர்சம்மாவுடையது. அவர் எங்கள் தோட்டத்தில் முப்பது வருடம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற மிட்வைஃப். பெயர் கமலம், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் இல்லை. பார்த்த பிரசவம் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்த லயம், எத்தனையாம் காம்பரா (அறை), தாயின் பெயர், ஆணா பெண்ணா, திகதி, நேரம். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும், அதாவது ஒரு நாள் சம்பளம். அதனால் பலர் பதியவேயில்லை. பதிவு இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அது இல்லையென்றால் அடையாள அட்டை இல்லை. அது யுத்த காலம், அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போன எங்கள் பையன்களைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோவார்கள். அவர்கள் இன்ன நாளில் இந்த மண்ணில்தான் பிறந்தார்கள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி நர்சம்மாவின் ஐந்து நோட்டுகள்.

கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், யாரோ, “இப்படிக் கிழிஞ்ச நோட்டைக் காட்டாதீங்க, அச்சடிச்சுக் கொண்டு வாங்க, பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் எங்களிடம் வந்தார். ஒரு நிபந்தனையும் கொண்டுவந்தார். நோட்டின் ஓரங்களில் வேறு விஷயங்களும் இருந்தன. எந்தத் தாய் வலியில் யார் பெயரைச் சொல்லி அழுதாள், எந்தக் குழந்தையின் முகம் யாரைப் போல இருந்தது என்றெல்லாம்.

“இதெல்லாம் புஸ்தகத்துல வரக்கூடாது. நோட்டும் ஒருத்தர் கையில சிக்கக்கூடாது. நீ அடிச்சு முடிக்க முடிக்க நான் எரிச்சிருவேன்” என்றார்.

அப்படியே செய்தார். வெள்ளிக்கிழமைகளில் வந்து, திரையில் இருப்பதை நோட்டோடு வரி வரியாக ஒப்புப் பார்த்துவிட்டு, முடிந்த நோட்டைப் பின்கட்டில் தேத்தண்ணி அடுப்புக்குள் வைப்பார். ஐந்தாவது நோட்டு எரிந்தபோது கையைத் தட்டிக்கொண்டு, “இனிமே எல்லாம் ஒன் மெசின்லதான் புள்ள இருக்கு” என்றார். அந்த நெருப்பில் கொதித்த பிளேன்டீயை முதலாளியும் அவரும் நானும் குடித்தோம். சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்று முதலாளி குறைபட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பண்டாரவளையிலிருந்து ஒரு புதிய கம்ப்யூட்டர் கம்பனிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர். இருவரும் டை கட்டியிருந்தார்கள். வருட ஒப்பந்தம், கூப்பிட்ட அன்றைக்கே வருவோம் என்றார்கள். முதலாளி டையிலேயே விழுந்துவிட்டார்.

“பாரு புள்ள, இவங்க வேன்ல வாறாங்க. நம்ம ஆளு கொடையோட வாறாரு.”

நானும் தலையாட்டினேன். எனக்கும் டை பிடித்திருந்தது. திங்கட்கிழமை வந்து மெஷினை அடியோடு சுத்தம் செய்து புதிதாக எல்லாம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் நாங்கள் தயாராக இருக்க வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக முடித்து ரைட் போடுவதில் எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அடடா!

பாஸ்வேர்டுகளை எழுதி வைக்கவும் என்றிருந்தது. மிஞ்சிய கல்யாணக் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் முத்து முத்தாக எழுதினேன். ரைட். கம்ப்யூட்டரோடு வந்த சீடிகளைத் தேடி வைக்கவும் என்றிருந்தது. ஒன்று அலுமாரியில் கிடைத்தது, இன்னொன்று பேப்பர் வெட்டும் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி கிடைத்தது. ரைட். எல்லா வேலைகளையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறந்து சரிபார்க்கவும் என்றிருந்தது.

முகப்பில் இருந்த சின்னப் படங்களை எல்லாம் மொத்தமாகப் பிடித்து ஒரு பிளொப்பியில் போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நர்சம்மாவின் தோட்டம் முழுவதும், நான்கு வருடக் கல்யாணங்களும் சாவுகளும், எல்லாம் ஒரே பிளொப்பியில்! இடம் வேறு மிச்சம். பிளொப்பியிலிருந்தே திறந்தும் பார்த்தேன். அழகாகத் திறந்தது. (அதே மெஷினில் பார்த்தால் திறக்காமல் என்ன செய்யும்?) முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அந்தாளு பை நெறையக் கொண்டுவருவாரே?” என்றார்.

“அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க மொதலாளி” என்றேன்.

இப்போது நினைத்தாலும் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. முதலாளி பிளொப்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். ரைட் போட்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. ‘இதுவரை பார்த்தவருக்கு அறிவித்து, அவர் நேரில் வந்து கையளிக்க ஒழுங்கு செய்யவும்.’

“நீ சொல்லிரு புள்ள.”

“ஐயோ, நீங்கதானே மொதலாளி.”

“எப்பிடிச் சொல்றது? எங்கம்மா செத்தப்ப கடைசி வரைக்கும் நின்ன மனுசன்.”

“எனக்கு மட்டும் வாய் வருமா? எங்க அண்ணன் கல்யாணக் கார்டு அச்சடிக்கிற அன்னைக்கி மெசின் படுத்துக்கிச்சி, கொட்டுற மழையில வந்து சரிபண்ணிக் குடுத்தாரு.”

இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நான்தான் எழுந்து போய் அவர் ஆபீஸுக்கு டெலிபோன் எடுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன், சத்தியமாக. “ஓம் தங்கச்சி, சொல்லும்” என்று அந்தப் பக்கம் அந்தச் சாந்தமான குரல் கேட்டதும் என் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. முதலாளிக்கு நெஞ்சுவலி என்றேன். டாக்டர் இனி வேலை செய்யவே கூடாது என்றுவிட்டார் என்றேன். பிரஸ்ஸை மூடப்போகிறோம், கம்ப்யூட்டரை விற்கப்போகிறோம் என்றேன். போனை வைத்த பிறகு முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் அதைக் கவனிக்காதது போல் கடைசி ரைட்டையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுப்பதற்காக முதலாளி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கேற்றடியில் ஒரு குடை தெரிந்தது. நடேசு அண்ணன், ஒரு கையில் ஹோர்லிக்ஸ் போத்தல், மறுகையில் தோடம்பழம். முதலாளி கோடரியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தார். விறகு பிளந்த வியர்வை முகத்தில் கொட்டுகிறது, மூச்சு இரைக்கிறது. அவ்வளவு தத்ரூபமாக ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை.

நடேசு அண்ணன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கை நனைந்தது. “கடவுளே, இப்பிடி வேர்க்குது!” என்று எழுந்தார். அதே நேரம் கோயிலுக்குப் போயிருந்த முதலாளியம்மா உள்ளே நுழைந்தார். அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நடேசு அண்ணன் ஆறுதலாக, “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா, நெஞ்சு நோவோட எத்தனை பேர் கனகாலம் இருக்கினம்” என்றார். முதலாளியம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரேறிக் குதித்து வந்தார்கள். பொய் என்று சொல்ல முதலாளி வாயைத் திறந்தபோதெல்லாம், “பேசாதீங்க, பேசக்கூடாது” என்று நாலு பேர் அவரை அமுக்கினார்கள். கால்மணி நேரத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னேரம் வரை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நடேசு அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோடம்பழத்தை உரித்து எனக்கும் ஒரு பாதி தந்தார். அந்த நான்கு மணி நேரத்தில் எந்த நிமிஷத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தோடம்பழம் தின்பதற்கு மட்டும் திறந்தேன். முதலாளிக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை, ஆனால் பிரஷர் இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். முதலில் பார்த்த டாக்டர் வேலை செய்யவே கூடாது என்றாரே, அதைத்தான் கேட்க வேண்டும் என்று நடேசு அண்ணன் விடவில்லை. அந்த வாரத்தில் என்னால் யாருக்காவது நன்மை நடந்ததென்றால் அந்தப் பிரஷரைக் கண்டுபிடித்ததுதான்.

திங்கட்கிழமை டைக்காரர்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் மெஷினைத் துடைத்துப் புதிதாக்கிவிட்டார்கள். திரை பளபளவென்று வெறுமையாக இருந்தது. “பேக்கப் தாங்க அக்கா” என்றான் இளையவன். நான் சந்தனம் குங்குமத்தோடு பிளொப்பியைக் கொடுத்தேன்.

“மத்ததெல்லாம்?”

“அவ்வளவுதான். எல்லாம் அதுலதான் இருக்கு.”

அவன் போட்டுப் பார்த்தான். ஒன்றை அமத்தினான், திறக்கவில்லை. இன்னொன்றை அமத்தினான். டையைத் தளர்த்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, இது கதவு மட்டுந்தான். வீடு மெசினுக்குள்ளதான் இருந்துச்சி. அதத்தான் இப்ப நாங்க அழிச்சோம்.”

எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது விளங்கியது. மூத்தவன் எங்கள் தாளை எடுத்து நீட்டினான். “பழைய ஆள நேர்ல கூப்பிட்டு எடுக்கச் சொல்லித்தானே போட்டிருக்கோம். நீங்க ரைட் போட்டிருக்கீங்களே?” சிவப்பு மையில், கடைசி வரியில், அந்த ரைட் அங்கேயே இருந்தது.

“நடேசுகிட்ட இருக்கும்” என்றார் முதலாளி. ஆமாம்! அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும். மானம் மரியாதை எல்லாம் அப்புறம் என்று இருவரும் ஓடினோம். அவருடைய குவார்ட்டர்ஸ் மலைச்சரிவில், நீளமான படிக்கட்டு. முதலாளி எனக்கு முன்னால் இரண்டு இரண்டு படியாக ஏறினார். கதவைத் திறந்த நடேசு அண்ணன் பதறிப்போனார்.

“ஐயோ, உங்களை ஆர் ஏறச் சொன்னது! இருங்கோ, இருங்கோ. தண்ணி கொண்டாறன்.”

நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நெஞ்சுவலி பொய், பிரஸ்ஸை மூடுவது பொய், புது ஆட்கள், ஒரே பிளொப்பி, எல்லாவற்றையும். அவர் தண்ணீர்க் கிளாஸைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“விக்கப்போற மெஷினெண்டு சொன்னனீர் தங்கச்சி. பிரஸ் இல்லையெண்டால் ஆக்களின்ர விஷயங்கள் என்ர வீட்டில கிடக்கிறது முறையில்லை. நேற்று ஆஸ்பத்திரியால வந்து முதல் வேலையா எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன். பிளொப்பியளையும் வெறுமையாக்கிப்போட்டன்.”

தண்ணீர்க் கிளாஸை முதலாளியிடம் நீட்டினார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்:

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. வேற ஆக்கள் பாக்கினம் எண்டால் எனக்கும் ஆறுதல்தானே. முழங்கால் நோவோட இந்தப் படியால ஏறி இறங்கேலாமல் கிடக்கு. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் நானும் வந்துகொண்டிருந்தனான்.”

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். முதலாளி, அந்த இல்லாத நெஞ்சு நோயாளி, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நர்சம்மா வந்தார். இந்த முறை நான் சுற்றி வளைக்கவில்லை. “எல்லாம் அழிஞ்சிருச்சிங்க நர்சம்மா. நான்தான் அழிச்சேன்” என்றேன். நெஞ்சுவலிப் பொய்யையும் சொன்னேன். அவர் பின்கட்டு அடுப்புப் பக்கம் பார்த்தார்.

“அப்ப நான் எரிச்சது?”

ஓர் அறை விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “அடி” என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். முதலாம் நம்பர் லயம், முதல் காம்பரா. தாய்மார் பெயர் எல்லாம் வந்தது. ஆணா பெண்ணா என்பது வந்தது. எந்தப் பிரசவம் எத்தனை மணி நேரம் இழுத்தது, எந்தக் குழந்தை அழாமல் பயமுறுத்தியது, அதுவும் வந்தது. திகதி மட்டும் வரவில்லை. முப்பது வருடம் எழுதி வைத்தவருக்குத் திகதியை ஞாபகத்தில் வைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. கச்சேரிக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

“குத்துமதிப்பா ஒரு திகதி போடுவோமா?” என்று முதலாளி கேட்டார்.

“பொய் எழுத மாட்டேன். ஒங்க பொய்யே போதும்” என்றார் நர்சம்மா.

தெரிந்ததை மட்டும் போடச் சொன்னார். திகதி இருக்க வேண்டிய இடத்தில் ‘சம்பள நாள்’ என்று போட்டோம். ‘தேர் அன்று காலை’ என்று போட்டோம். எங்கள் காம்பரா வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. என் அம்மாவின் பெயரை நோட்டைப் பார்த்து டைப் செய்தவளே நான்தான். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, புத்தகம் வந்ததும் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று திகதியை மனதில் வாங்காமலே அடித்துவிட்டு ஓடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ போட்ட ஜனவரி முதலாம் திகதிதான் அதுவரை என் பிறந்தநாள்.

“நான் எப்பங்க பொறந்தேன்?” என்று கேட்டேன்.

“நீயா? அன்னைக்கி மழ. அப்பிடி ஒரு மழ” என்றார். ‘மழை’ என்று அடித்தேன்.

முதலாளி அதை அச்சடித்துக் கொடுத்தார். கச்சேரியில் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பத்தாம் நம்பர் லயத்துத் தங்கராசு அந்தப் புத்தகத்தை நம்பித்தான் கொழும்புக்குப் போவதை ஒத்திவைத்துக் காத்திருந்தான். புத்தகம் திரும்பி வந்ததும் ஒன்றும் இல்லாமலே புறப்பட்டுப் போனான். சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். பதினொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தபோது அவன் அம்மாவுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சத்தியக்கடதாசி முடித்து, சாட்சி பிடித்து, அலைந்து திரிந்து அவனுக்கு அடையாள அட்டை கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. அதில் இன்னொருவர் போட்ட திகதி இருக்கிறது.

நர்சம்மா இப்போது இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் போதும், “அம்மா, ஹேப்பி பர்த்டே!” என்று இருவரும் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். பதுளை மழையில், போன வருட ஐப்பசியில் மட்டும் எனக்கு இருபது வயது கூடியது. கேக் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து நானும் சிரித்துப் பழகிவிட்டேன்.

தங்கராசு இப்போது டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அம்மாவின் பெயருக்கு எதிரில் நர்சம்மா சொல்லி நான் அடித்தது, ‘மண் சரிந்து ரயில் வராத நாள்’. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து பதுளைக்கு ரயில் வராமல் போனால் எனக்கு டெலிபோன் எடுப்பான். “அக்கா, இன்னிக்கு ரயில் இல்லையாம். எனக்குப் பொறந்தநாள், வாழ்த்துங்க” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது எடுப்பான். நான் வாழ்த்துவேன். அவனோடு சேர்ந்து சிரிக்க மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.